உங்கள் கைக்கு ஏற்ற கடிகாரம் எது?

வேலையைப் பார்த்து வாங்கினால் காசும் மிச்சம், கையும் பத்திரம்!

பெங்களூர் மெஜஸ்டிக் பகுதியில் ஒரு கடிகாரக் கடை. சம்பளம் வாங்கிய மறுநாள் மாலை. ஒரு வாலிபர் உள்ளே நுழைந்தார். கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். தினமும் ரெயிலில் வந்து, மோட்டார் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று மின்னிய ஒரு கடிகாரத்தைக் காட்டினார். தங்க நிறம். அகலமான உலோகப் பட்டை.

"அண்ணே, அதை எடுங்க" என்றார்.

கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. "என்ன வேலை பார்க்கிறீங்க, தம்பி?" என்று கேட்டார்.

"வண்டி வயரிங் வேலை, அண்ணே. பேட்டரி மாத்துறதும் நான்தான்."

"அப்படீன்னா இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதில் பாதி விலைகூட இல்லாத ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டைக் கடிகாரத்தை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

வாலிபரின் முகம் வாடிவிட்டது. தன்னிடம் பணம் இல்லை என்று நினைத்துவிட்டாரோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கடைக்காரர் செய்தது நல்ல காரியம். அந்த வாலிபரின் கையை அவர் காப்பாற்றினார் என்றே சொல்லலாம்!

பட்டையில் இருக்கும் ஆபத்து

வண்டியில் உள்ள பேட்டரி 12 வோல்ட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பயம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும், வண்டியின் இரும்பு உடம்புக்கும் நடுவில் ஓர் உலோகப் பட்டை பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் அதன் வழியாகப் பாயும். பட்டை நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றி எறிவதற்குள் மணிக்கட்டைச் சுற்றித் தோல் வெந்துவிடும். மோதிரத்துக்கும் இதே கதிதான். இந்த வேலை செய்பவர்கள் உலோகப் பட்டை கட்டவே கூடாது.

வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் வயரிங் வேலை செய்பவர்கள், மின்சாரம் ஓடும் இடத்தில் கை வைக்கும்முன் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

லேத், டிரில்லிங் போன்ற சுழலும் எந்திரங்களில் வேலை செய்பவர்களுக்கு எந்தக் கடிகாரமும் ஏற்றது அல்ல. பட்டையின் ஒரு நுனி மாட்டிக்கொண்டால் போதும். கடிகாரத்தோடு கையும் உள்ளே போய்விடும். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் எந்திரங்களின் முன் நிற்கும் நம் தொழிலாளர்கள் இதை மறக்கக்கூடாது. கடிகாரம் அலமாரியில் இருக்கட்டும். சாப்பாட்டு மணியின்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, கடிகாரம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது, "எது அழகு?" என்பது அல்ல. "என் கை என்ன வேலை செய்கிறது?" என்பதுதான்.

செல்போன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் பல தொழிற்சாலைகளில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு வைத்து வேலை வாங்குகிறார்கள். அங்கே மணி பார்க்கக் கையில் ஏதாவது வேண்டும்.

ரெயில் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி மூடப்பட்டன. அதன்பிறகு, சுரங்கத்தை நம்பி இருந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் விடியும் முன்னே எழுந்து, ரெயில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். நெரிசலில் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கம்பி. அந்த நேரத்தில் செல்போனை வெளியே எடுப்பது திருடனை அழைப்பது போன்றது. மணிக்கட்டைத் திருப்பினால் மணி தெரிந்துவிடும்.

ஐந்து நிமிடம் தாமதித்தால் ரெயில் போய்விடும். ரெயில் போனால் ஷிப்டு போய்விடும். ஷிப்டு போனால் அரைநாள் சம்பளம் போய்விடும்! ஏழைத் தொழிலாளிக்குக் கடிகாரம் ஆடம்பரப் பொருள் அல்ல.

சாவி கொடுக்கும் கடிகாரம்

கைக்கடிகாரங்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது, சாவி கொடுப்பது.

இந்த வகையை இந்தியாவில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது பெங்களூர்தான். பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-ம் ஆண்டு இங்கே கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். 'ஜனதா', 'பைலட்', 'கோஹினூர்' என்று அந்தக் கடிகாரங்களின் பெயர்களை இன்றும் பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கும், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், ஓய்வு பெறும் ஊழியருக்கும் அதுதான் பரிசு. 2016-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

இந்த வகையில் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். சாவி கொடுத்தால் அது இறுகும். மெல்லத் தளரும்போது சக்கரங்கள் ஓடும். ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால் சுமார் ஒன்றரை நாள் ஓடும். பேட்டரிச் செலவு கிடையாது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது நல்லது. திருகும்போது தடை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

'ஆட்டோமேட்டிக்' என்பதும் இந்த இனம்தான். உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு, கை அசையும்போது சுழன்று தானே சாவி கொடுத்துக்கொள்ளும்.

இவற்றில் ஒரு குறை உண்டு. சாதாரண எந்திரக் கடிகாரம் நாள் ஒன்றுக்கு 20, 30 விநாடி முன்னே பின்னே போகும். நாளுக்கு 30 விநாடி என்றால், பத்து நாளில் ஐந்து நிமிடம்! ரெயிலைப் பிடிப்பவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சரிபார்த்து வைக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போடும் செலவும் உண்டு. இடிக்கும் எந்திரம், அதிரும் எந்திரம் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இது சரிப்படாது. மேஜை வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்குச் சரிப்படும்.

பேட்டரி கடிகாரம்

இரண்டாவது வகை, 'குவார்ட்ஸ்' எனப்படும் பேட்டரி கடிகாரம். முள் உள்ள கடிகாரம் இன்று கடையில் எதை எடுத்தாலும், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32 ஆயிரத்து 768 முறை அதிர்கிறது. ஒரு சின்ன மின்னணுச் சுற்று இந்த எண்ணிக்கையைப் பாதி பாதியாக 15 முறை குறைக்கிறது. முடிவில் விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சுகிறது. அந்தத் துடிப்புக்கு விநாடி முள் ஒரு அடி எடுத்து வைக்கிறது. அதனால்தான் இது மாதம் முழுதும் ஓடினாலும் 15, 20 விநாடிக்கு மேல் பெரும்பாலும் தப்புவது இல்லை.

உலகில் முதன்முதலாக இந்த வகைக் கைக்கடிகாரத்தை 1969-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. டாட்டா நிறுவனமும், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984-ல் டைட்டான் நிறுவனத்தைத் தொடங்கின. பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள ஓசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. குவார்ட்ஸ் கடிகாரம் நாடெங்கும் பரவ அது பெரிய காரணமாக அமைந்தது.

பேட்டரி பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரும். விநாடி முள் இரண்டு விநாடிக்கு அல்லது நான்கு விநாடிக்கு ஒருமுறை தாவித் தாவிப் போகிறதா? பயப்படவேண்டாம். "பேட்டரி தீரப்போகிறது" என்று பல கடிகாரங்கள் சொல்லும் எச்சரிக்கை அது. தீர்ந்த பேட்டரியை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. ரசாயனம் கசிந்து உள்ளே உள்ள பாகங்களை அரித்துவிடும்.

எண் காட்டும் கடிகாரம்

மூன்றாவது, எண்களாக மணி காட்டும் 'டிஜிட்டல்' கடிகாரம். இதுவும் குவார்ட்ஸ்தான், ஆனால் முள் இல்லை. ஓடும் பாகமே இல்லாததால் அதிர்ச்சியைத் தாங்கும். பட்டை பிளாஸ்டிக், எடை குறைவு. கேசியோ நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'எப்-91டபிள்யூ' என்ற சிறிய கறுப்புக் கடிகாரம் உலகமெங்கும் உழைப்பாளிகளின் கையில் ஏறியது. எடை 21 கிராம்தான். பேட்டரி ஏழு ஆண்டுகள் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. எழுப்புமணி, தேதி, கிழமை எல்லாம் உண்டு. கட்டிட வேலை, சுமை தூக்கும் வேலை, பொருள்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை ஆகியவற்றுக்கு இந்த இனம் ஏற்றது.

'ஸ்மார்ட்' கடிகாரம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நடையை எண்ணும், போன் வந்தால் சொல்லும். ஆனால் வகைக்கு ஏற்ப, தினமுமோ சில நாளுக்கு ஒருமுறையோ சார்ஜ் போடவேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஒரு பிளக்குக்குப் போட்டி போடும் இடத்தில் அது ஒரு தொல்லை. போனை அனுமதிக்காத தொழிற்சாலையில் இதையும் அனுமதிக்காமல் போகலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

யாருக்கு எது?

அலுவலகக் குமாஸ்தா: மெல்லிய கடிகாரம், தேதி காட்டும் சாளரம், தோல் பட்டை. தடித்த கடிகாரம் சட்டைக் கையில் மாட்டும். எழுதும்போது மேஜையில் உரசும்.

டிரைவர்: வெள்ளை டயல், கறுப்பு முள், பெரிய எண். ஒரே பார்வையில் தெரியவேண்டும். பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இரவுக் காவலாளி: விளக்கு எரியும் டிஜிட்டல் கடிகாரம். 'ரேடியம்' முள் என்று மக்கள் சொல்வது பேருக்குத்தான். இப்போது உண்மையான ரேடியம் பூசுவது இல்லை. வெளிச்சத்தை உறிஞ்சி வைத்து ஒளிரும் பூச்சு அது. விடிவதற்குள் மங்கிவிடும்.

நர்சு: விநாடி முள் கட்டாயம் தேவை. நாடித்துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க அதுதான் உதவும். கை கழுவும் வேலை அதிகம் என்பதால், உடையில் குத்திக்கொள்ளும் தொங்கு கடிகாரம் மேல்.

ஓட்டல் சமையல்காரர்: உணவில் கை வைக்கும் இடத்தில் கடிகாரம் கூடாது. பட்டையின் இடுக்கில் அழுக்கும் கிருமியும் தங்கும். சுவர்க் கடிகாரமே போதும்.

வேலைக்குப் பரீட்சை எழுதும் வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல போட்டித் தேர்வுகளில் எந்தக் கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. அனுமதிச் சீட்டில் உள்ள விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

'30 மீட்டர்' என்றால் என்ன?

அதிகமான பேர் ஏமாறுவது இங்கேதான். கடிகாரத்தின் முதுகில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று பொறித்திருக்கும். 30 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று பொருள் அல்ல! புதிய கடிகாரம், அசையாத நீரில், சோதனைச்சாலையில் தாங்கிய அழுத்தத்தின் கணக்கு அது.

30 மீட்டர் என்றால் மழைத்தூறலும், கை கழுவும்போது தெறிக்கும் நீரும் தாங்கும். குளிக்கக்கூடாது. 50 மீட்டர் என்றால் கொஞ்ச நேரம் நீந்தலாம். துணி வெளுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், குழாய் வேலை செய்பவர் 100 மீட்டர் உள்ளதைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. வெந்நீரும் சோப்பும் அதைக் கெடுக்கும். வயதானால் அது இறுகிப்போகும். தெருவோரத்தில் பேட்டரி மாற்றும்போது வளையம் சரியாக உட்காராவிட்டால், 100 மீட்டரும் பூஜ்யம்தான்! பேட்டரி மாற்றும்போது, "வளையத்தையும் பாருங்க, அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஏமாற்றும் பளபளப்பு

முதுகில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று எழுதியிருந்தால், முதுகு மட்டும்தான் எஃகு என்று பொருள். உடம்பு வேறு உலோகமாக இருக்கும், மேலே பூச்சு. வியர்வை பட்டால் ஓராண்டு, ஈராண்டில் பூச்சு உரிந்து பித்தளை பல்லைக் காட்டும். சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். உடம்பும் எஃகு என்றால் விலை கூடும், ஆனால் உழைக்கும்.

கண்ணாடியில் மூன்று ரகம். பிளாஸ்டிக் கண்ணாடி எளிதில் கீறும். ஆனால் சில்லு சில்லாகச் சிதறாது. தேய்த்துக் கீறலை மறைத்துவிடலாம். 'மினரல்' கண்ணாடி அதைவிடக் கடினம். 'சஃபையர்' எனப்படும் நீலமணிக் கண்ணாடியைக் கீறுவது கடினம், விலை அதிகம். மணலிலும் சிமெண்டுத் தூசியிலும் வேலை செய்பவருக்கு எந்த மினரல் கண்ணாடியும் நாளடைவில் கீறத்தான் செய்யும். விலை குறைந்ததே போதும்.

பட்டையில் தோல் அழகு; ஆனால் வியர்வையில் நாறும், மழையில் ஊறும். வெளி வேலைக்கு பிளாஸ்டிக் அல்லது நைலான் நல்லது. பட்டையின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொதுவான அளவாக இருக்கட்டும். அறுந்தால் எந்தக் கடையிலும் மாற்றுப் பட்டை கிடைக்கும். கடிகாரத்தின் காதுகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. கட்டியபின் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

பழைய கடிகாரம் வாங்கும்போது

'பழைய ஹெச்.எம்.டி.' என்று சொல்லி விற்கப்படுவதில் பல, நாலு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புது வர்ணம் பூசியவை. எழுத்து கோணலாக இருக்கிறதா, டயல் மட்டும் புத்தம் புதிதாக மின்னுகிறதா என்று பாருங்கள். நடைபாதையில் பெரிய வெளிநாட்டுப் பெயரோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அசலாக இருக்க வாய்ப்பே இல்லை.

புதிது வாங்கினால் ரசீதும், கடை முத்திரையும் தேதியும் உள்ள உத்தரவாதச் சீட்டும் கேளுங்கள். ஊருக்குப் போனால் அங்கே பழுதுபார்க்கும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். பழுதுபார்க்க ஆள் இல்லாத கடிகாரம் நாளைக்கு வெறும் வளையல்தான்!

கட்டியபின் கவனிக்க...

ஒலிபெருக்கி, காந்தம் உள்ள செல்போன் உறை ஆகியவற்றின் மேல் கடிகாரத்தை வைக்காதீர்கள். காந்தம் ஏறினால் சாவிக் கடிகாரம் வேகமாக ஓடும். கடையில் சில நிமிடத்தில் காந்தத்தை எடுத்துவிடலாம்.

முள் கடிகாரத்தில் தேதியை இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை திருகி மாற்றாதீர்கள். தேதிச் சக்கரத்தின் பல் பற்றியிருக்கும் நேரம் அது, உடைந்துவிடக் கூடும்.

இரவில் ஈரத்துணியால் பட்டையைத் துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்புதான் கடிகாரத்துக்கு எமன்.

கடையில் முடிந்த கதை

மெஜஸ்டிக் கடைக்காரர் அந்த வாலிபருக்குப் பட்டையின் ஆபத்தை விளக்கினார். வாலிபர் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கறுப்புக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்து மணியைச் சரிசெய்தார்.

"கல்யாணம் காட்சிக்குக் கட்ட ஒண்ணு வேணாமா, அண்ணே?" என்று கேட்டார்.

"வீட்டுல பழசு ஏதாவது இருக்கா?"

"அப்பாவோட ஜனதா இருக்கு. சுரங்கத்துல வேலை பார்த்தப்ப வாங்கினது. ஓடாம பெட்டியில கிடக்கு."

"அதை ஒரு நாள் கொண்டுவாங்க, தம்பி. எண்ணெய் போட்டால் பெரும்பாலும் ஓடும். அதைவிட நல்ல கடிகாரம் கல்யாணத்துக்குக் கிடைக்காது."

வாலிபர் மிச்சப் பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தார். புதுக் கடிகாரத்தில் மணி பார்த்தார். ரெயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நிதானமாக நடந்தார்.